கைவீச்சும் பொத்தானும்

எம் மாணவர் இல்லத்தில் இரவுணவு முடிந்தபின் விளக்கணையும் வரையுள்ள ஒரு மணி நேரம் வழக்காடுதற்கென்றே அமைந்தது போலும். இவ்வாண்டு ஆங்கு எழுந்த வழக்குகளுள் மிகவுஞ் சூடுண்டது அரசியலைப் பற்றியதன்று, இலக்கியத்தைப் பற்றியதுமன்று. வீடியோ கேம் ஆடுவோர் பொத்தான்களை அழுத்தி ஆடுதல் சிறந்ததா, கண்ட்ரோலர் என்னுங் கைக்கருவியைப் பற்றி வீசியுஞ் சாய்த்தும் ஆடுதல் சிறந்ததா என்பதே அது. கையின் அசைவை அறியுங் கருவி வந்தபின்னரே ஆட்டத்திற்கு உயிர் வந்தது என்றார் பௌதிக மாணவர் ஒருவர். அஃது விற்பனையாளர் செய்த மாயம், நெருப்புப் பெட்டிக்கு ஒட்டிய படம் போன்றது என்றார் வணிகவியல் மாணவர் ஒருவர். இருவரும் ஒருங்கே எம்மை நோக்கி, “தமிழ் படிப்பவருக்கு இதில் என்ன தெரியும்?” என்று நகைத்தனர். யாம் வாய் திறவாதிருந்தோம். தெரியாமையான் அன்று. பத்து வயதில் இக்கருவியைக் கொண்டே ஒருவர் நெஞ்சைப் புண்படுத்தியவர் யாம். அதனைச் சொல்லாது இவ்வழக்கில் எமக்கு ஒரு சொல்லும் சொல்ல வாராது. அன்றிரவு சொல்லாது விட்டதை ஈண்டு எழுதுகின்றோம்.

யாம் பிறந்த ஆண்டு 2006. அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் ஜப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனத்தார் ‘வீ’ என்னும் ஆட்டப் பொறியை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். மறு திங்களில் தம் நாட்டிலும் விற்றனர். அதற்கு முந்திய ஆண்டிலேயே டோக்கியோக் கண்காட்சியில் அந்நிறுவனத்தின் தலைவராயிருந்த சடோரு இவாட்டா அதன் கைக்கருவியை உயர்த்திக் காட்டினார். கூடியிருந்தோர் கண்டது தொலைக்காட்சிப் பெட்டியை இயக்கும் ரிமோட்டைப் போன்ற வெண்ணிறத் துண்டு ஒன்று. இருகையாற் பற்றி இரு கட்டைவிரலால் ஆடும் கண்ட்ரோலரே அதுகாறும் வழக்கிலிருந்தமையின், இதனைக் கண்டு வியந்தோரும் இருந்தனர், எள்ளினோரும் இருந்தனர். பெயரைப் பற்றி ஒரு சொல். அரும்பு, போது, மலர் என்று பூவின் பருவங்களை எண்ணிய நம் முன்னோர், காம்பினின்று கழன்று வீழும் பருவத்துப் பூவை ‘வீ’ என்றனர். நின்டெண்டோவினர்க்கு இஃது எங்ஙனந் தெரியும்! பத்துக் கோடிக்கு மேல் விற்ற அப்பொறி இன்று செய்யப்படுவதில்லை. ஆதலின் வீ என்னும் பெயர் தமிழருக்கேனும் பொருந்தியதாயிற்று.

அப்பொறி எம் இல்லத்திற்கு வந்தது 2016இல். சிங்கப்பூரில் வேலைபார்த்த எம் சிற்றப்பா ஊருக்கு வந்தபோது, அங்கு யாரோ ஆடிக் கழித்ததை விலைக்கு வாங்கிப் பெட்டியின் அடியில் துணிகளுக்கிடையே வைத்துக் கொணர்ந்தார். அதற்கு முன்பே யாம் பொத்தான் ஆட்டத்தில் ஒருவாறு பேர் பெற்றிருந்தோம். எம் தெருவிற் பேர் பெற்றிருந்தோம் என்பது பொருள். தெருமுனைக் கணினிக் கடையில் எம்மை வென்றார் எவருமிலர் என்னுஞ் செருக்கு எமக்கு இருந்தது. ஆகவே புதிய பொறியைத் தொலைக்காட்சியோடு பிணைத்த அன்று, எம் கையே ஓங்கும் என்று கருதினோம்.

ஓங்கியது எம் ஆச்சியின் கை. ‘வீ ஸ்போர்ட்ஸ்’ என்னும் தட்டில் டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கால்ஃப், குத்துச்சண்டை என ஐந்து ஆட்டங்கள் உள. பௌலிங் என்பது பெரிய உருண்டையை உருட்டிப் பத்துக் கட்டைகளை வீழ்த்துவது. கைக்கருவியின் அடிப்புறத்துள்ள பொத்தானை அழுத்திக்கொண்டே கையைப் பின்கொண்டு முன்வீசி, வீச்சின் முடிவில் பொத்தானை விடுதல் வேண்டும். ஆச்சி முதன்முறை கை பின்னே செல்லும்போதே விட்டுவிட்டார். திரையிலே உருண்டை பின்புறம் பாய, ஆங்கு நின்ற பொம்மை மாந்தரெல்லாம் துள்ளிக் குதித்தனர். ஆச்சி சிரித்த சிரிப்பை யாம் அதற்கு முன் கேட்டதில்லை. தாத்தா மறைந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. அன்று மாலைக்குள் அவர் எட்டுக் கட்டை, ஒன்பது கட்டை என வீழ்த்தலானார். கிணற்றில் வாளியிட்டு இறைத்த கை அது. பின்கொண்டு முன்வீசுதல் அதற்குப் புதிதன்று. எங்கள் கணினிக் கடை ஆட்டத்தை அவர் கையில் கொடுத்திருப்பின் ஒரு நாள் முழுதும் பொத்தான்களின் பெயரைக் கற்பதிலேயே கழிந்திருக்கும். கற்றறியாதார்க்கு வாயில் திறந்தது இக்கருவி என்பதை யாம் வழக்கின் எப்பக்கம் நின்றாலும் மறுக்க மாட்டோம். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களிலும் இப்பௌலிங் ஆட்டம் பரவிற்று.

நிற்க. யாம் சொல்லவந்தது எம் அத்தானைப் பற்றி.

அவர் எம் அத்தை மகன். எம்மினும் பன்னீராண்டு மூத்தவர். பூப்பந்தாட்டத்தில் மாவட்ட அளவில் ஆடியவர். பூப்பந்தைக் காணாத வடநாட்டு நண்பர் நம் கல்லூரியிற் சிலர் உளராதலின் சொல்லுகின்றோம்: கம்பளி நூலாற் செய்த மஞ்சட்பந்தை, பக்கத்திற்கு ஐவராய் நின்று, தரையில் விழவொட்டாது மட்டையால் அடித்தாடும் ஆட்டம் அது, தஞ்சையில் தோன்றியது என்பர். அத்தான் பின்வரிசையில் நின்று அடிப்பவர். தோளிலிருந்து புறப்பட்டு முழங்கை வழியே மணிக்கட்டில் முடியும் அவர் வீச்சைக் காண்பதற்கென்றே மாலையில் யாம் மைதானத்தின் ஓரத்தில் சென்று அமர்வதுண்டு. மழை பெய்து ஓய்ந்த ஒருநாள் அவர் கால் வழுக்கி முழங்கால் திரும்பிற்று. உள்ளிருந்த தசைநார் அறுந்துவிட்டது. அறுவை செய்த மருத்துவர், நடக்கலாம், மாடி ஏறலாம், ஓடித் திரும்பும் ஆட்டம் மட்டும் கூடாது என்று சொல்லிவிட்டார். விளையாட்டு வீரருக்கென ஒதுக்கிய வேலையொன்று அவருக்குக் கிடைக்கும் என்று வீட்டார் நம்பியிருந்த காலம் அது. மட்டை அலமாரியின் மேல் ஏறிற்று.

அவர் எங்கள் இல்லத்திற்கு வந்த அன்று யாம் டென்னிஸ் ஆட்டத்தைப் போட்டுக் காட்டினோம். அதனை ஆக்கினோர் ஓர் எளிமை செய்திருந்தனர். திரையிலுள்ள பொம்மை தானே ஓடிப் பந்திற்கு நேரே நின்றுகொள்ளும். ஆடுவோன் நின்ற இடத்தில் நின்று வீசினாற் போதும். கால் பொறியினுடையது, கை மட்டுமே நம்முடையது. அத்தானுக்கென்றே ஒருவர் எண்ணிச் செய்தாற் போன்றிருந்தது. ஆச்சி இதனை உடனே கண்டுகொண்டு, “உனக்குத்தான் இது, ஐயா, எழுந்து ஆடு” என்றார். அவர் எழுந்தார். வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். அவ்வாரைப் பற்றியும் ஒரு செய்தியுண்டு: பொறி வெளிவந்த சின்னாளிலேயே வாரறுந்து கருவிகள் பறந்து திரைகளை உடைத்தமையின், 2006 டிசம்பரிலேயே நின்டெண்டோவினர் முப்பத்திரண்டு இலட்சம் வார்களைத் தடித்தனவாக மாற்றிக்கொடுக்க முன்வந்தனர். மாந்தர் அத்துணை மெய்ம்மறந்து வீசினர் என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டா.

அத்தானும் அங்ஙனமே வீசினார். தோள் திரும்பிற்று; இடுப்பு வளைந்தது; பழைய வீச்சு அப்படியே வந்தது. வீடு முழுதும் வந்து கூடத்தில் நின்றது. அத்தை கதவருகே நின்று பார்த்தார். எதிராளி யாம். யாமோ பிரம்பு நாற்காலியில் அமர்ந்திருந்தோம். ஏனெனில் இரண்டு வாரத்தில் யாம் ஒரு களவைக் கண்டுபிடித்திருந்தோம். முழுக் கையையும் வீச வேண்டுவதில்லை. ஈயை ஓட்டுவது போல மணிக்கட்டை ஒருமுறை சுண்டினாற் போதும். பொம்மை முழு வீச்சு வீசும். சுண்டுதற்குக் காலம் மிகச் சிறிதாதலின், பந்து வரும் கணத்தை நோக்கி யாம் காத்திருக்க இயன்றது. அவ்வாட்டத்தில் பந்து செல்லுந் திசையை வகுப்பது பெரும்பாலும் வீச்சின் காலமே: முந்தி வீசினால் ஒருபுறம், பிந்தினால் மறுபுறம். அத்தானின் வீச்சு நெடியது. தோளிற் புறப்பட்டு முடிவதற்குள் எம் பொம்மை அடித்த பந்து அவரைக் கடந்துவிடும். மூன்று ஆட்டத்தில் மூன்றிலும் அவர் தோற்றார்.

தோற்பித்ததோடு விட்டிருந்தால் இக்கட்டுரைக்கு இடமில்லை. யாம் நாற்காலியில் சாய்ந்தபடியே, அத்தனை பேரும் கேட்க, “ஏன் அத்தான் இப்படிக் கையை ஓங்குகிறீர்கள்? இது பூப்பந்தா? இப்படிச் சுண்டினால் போதுமே!” என்று சுண்டிக் காட்டினோம். அவர் எம் கையைப் பார்த்தார். பின்னர்த் திரையைப் பார்த்தார். “அப்படியா, மாப்பிள்ளை?” என்றார். வாரை மெல்லக் கழற்றிக் கருவியை மேசைமேல் வைத்துத் திண்ணைக்குச் சென்றுவிட்டார். அத்தை எம்மை ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சி பொறியை அணைக்கச் சொன்னார். அதன்பின் மூன்றாண்டு அவர் அதனைத் தொடவில்லை; எம்மோடு பேசுதலிலும் ஒரு குறைவு இருந்தது. அல்லது எமக்குத்தான் அப்படித் தோன்றிற்றோ அறியோம். குற்றமுடைய நெஞ்சு பிறர் மௌனத்தை அளந்துகொண்டே இருக்கும்.

எம் சுண்டலைப் பொறி ஏன் ஏற்றுக்கொண்டது? இதனைப் பின்னர்ப் படித்தறிந்தோம். முதலில் வந்த அக்கருவியினுள் இருந்தது முடுக்கமானி ஒன்று. நகத்தினுஞ் சிறிய சில்லில், கண்ணுக்குப் புலனாகாச் சிலிக்கன் துண்டு ஒன்று மெல்லிய வில்களால் தாங்கப்பட்டு நிற்கின்றது. கை அசையும்போது அத்துண்டு பின்தங்குகின்றது. அவ்வளவில் அதற்கும் அண்டையிலுள்ள தகட்டிற்கும் இடையே மின்தேக்கம் மாறுகின்றது. அம்மாற்றத்தை மூன்று திசையிலும் அளந்து பொறிக்கு அனுப்புவதே அதன் தொழில். அஃது அறிவது வேகத்தின் மாற்றத்தை. கை சென்ற வழியை அன்று. தோளினின்று வரும் நெடு வீச்சும் மணிக்கட்டின் குறுஞ்சுண்டலும் ஒரே கூர்மையுடைய அதிர்ச்சியாய் அதற்குத் தோன்றக்கூடும். மேலும், பூமியின் ஈர்ப்பும் அதற்கு ஒரு முடுக்கமே. ஆதலின் கருவி சாய்ந்திருக்கின்றதா, நகர்கின்றதா என்பதைத் தனித்துப் பிரித்தறிய அதனால் இயலாது. அத்தானின் பதினைந்து ஆண்டுப் பயிற்சி முழுதும் அக்கருவியின் வாயிலில் நின்று, உள்ளே புகவொண்ணாது திரும்பிவிட்டது. உள்ளே புகுந்தது ‘வீசினான்’ என்னும் ஒரு சொல்லே. அவ்வொரு சொல்லைச் சொல்லுதற்கு ஒரு பொத்தானே போதும்.

இதனை உணர்ந்த பின்னர்ப் பிற ஆட்டங்களின் வரலாறும் எமக்கு விளங்கிற்று. 2006இல் வந்த ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ட்விலைட் பிரின்சஸ்’ என்னும் ஆட்டத்தின் தலைவன் லிங்க் இடக்கையில் வாளேந்துபவன். வீ பொறியில் ஆடுவோர் பெரும்பாலும் வலக்கையாற் கருவியை வீசுவர் என்பதற்காக, ஆக்கியோர் அவ்வாட்டத்தின் உலகத்தையே கண்ணாடியிற் கண்டது போல இடவலமாகத் திருப்பிவிட்டனர்! மலையும் ஆறும் ஊரும் திசை மாறின. இத்துணைப் பாடுபட்டும், கருவியை எப்படி அசைத்தாலும் வாள் தனக்கென வகுத்த வெட்டையே வெட்டிற்று. 2010இல் வந்த ‘டாங்கி காங் கன்ட்ரி ரிட்டர்ன்ஸ்’ என்பதில் குரங்கு உருளவேண்டுமாயின் கருவியைக் குலுக்கவேண்டும். துல்லியமாய்த் தாவவேண்டிய இடத்தில் குலுக்கல் ஒரு கணம் பிந்தும், குரங்கு பள்ளத்தில் விழும். மூன்றாண்டு கழித்து அவ்வாட்டமே சிறு கைப்பொறிக்கு வந்தபோது குலுக்கல் பொத்தானுக்கு இடங்கொடுத்தது. சோனி நிறுவனத்தாரின் மூன்றாம் ப்ளேஸ்டேஷனில் 2007இல் வந்த ‘லேர்’ என்னும் ஆட்டத்தில் பறக்கும் நாகத்தைக் கருவியைச் சாய்த்தே செலுத்தவேண்டுமென வைத்தனர், ஆடுவோர் சினந்தனர், மறு ஆண்டு விரலாற் செலுத்தவும் வழி செய்து திருத்தினர். இவற்றிலெல்லாம் வணிகவியல் நண்பர் கூற்றே கூற்று.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் இன்னும் ஒருபடி சென்று, கையிற் கருவியே வேண்டா என்றனர். 2010 நவம்பரில் வந்த அவர்தம் ‘கினெக்ட்’ அகச்சிவப்பொளிப் புள்ளிகளை அறை முழுதும் தெளித்து, அவை பட்டு விழும் கோலத்தைக் காமிராவாற் கண்டு, ஆடுவோன் உடல் நிற்கும் ஆழத்தை அளந்தது. அறுபது நாளில் எண்பது இலட்சம் விற்றது. ஆயினும் ஆறடி இடம் ஒழிந்த கூடம் வேண்டும். கையில் பற்றுதற்கு ஒன்றுமின்மையின் பிடித்ததும் விட்டதும் உடலுக்குத் தெரியாது. 2017இல் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டனர். 1989இல் மாட்டெல் நிறுவனத்தார் அமெரிக்காவில் விற்ற ‘பவர் க்ளவ்’ என்னும் கையுறையும் இவ்வழியிற் பழையதோர் முயற்சி, செவிக்கெட்டா ஒலியை வெளியிட்டுக் கை நிற்கும் இடத்தை அறிய முயன்றது, அதுவும் நீடிக்கவில்லை.

எனின், பௌதிக நண்பர் தோற்றாரோ? அற்றன்று. எம் கதையின் பிற்பகுதி அவர் பக்கம்.

2019இல் சிற்றப்பா மீண்டும் வந்தார். இம்முறை கைக்கருவியின் அடியிற் பொருத்தும் சிறு பெட்டி ஒன்றையும் ‘வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்’ என்னும் தட்டையும் கொணர்ந்தார். ‘மோஷன் பிளஸ்’ எனப்பட்ட அப்பெட்டி 2009இல் வந்தது. அதனுள் இருப்பது கைரோஸ்கோப், சுழற்சியை அளப்பது. முடுக்கமானி அறியாத திருப்பத்தை இஃது அறியும். இதற்கும் ஒரு குறையுண்டு: சிறுகச் சிறுகப் பிழை சேர்ந்து நெறி பிறழும். அதனால் ஆட்டந் தொடங்குமுன் கருவியைச் சமதளத்தில் அசையாது கிடத்தி, ‘அசையாமை இதுவே’ என்று அதற்குக் கற்பிக்கவேண்டும். ஈரளவையும் ஒருங்கு கூட்டிப் பார்க்கும் பொறிக்கு இப்போது கை சாய்ந்ததா, நகர்ந்ததா, எவ்வளவு திரும்பிற்று என்பது பெரும்பாலும் புலனாகும்.

அன்று அத்தான் வந்திருந்தார். யாம் அவரை அழைக்கத் துணியவில்லை, சிற்றப்பாவே அழைத்தார். மேசைப்பந்தாட்டம். அதனிலும் பொம்மையே நகரும். ஆனால் மட்டையின் முகத்தை எக்கோணத்தில் திருப்பி அடிக்கின்றோமோ அதற்கேற்பப் பந்து சுழன்று வளையும். அத்தான் முதலில் விருப்பின்றியே நின்றார். நாலைந்து அடி அடித்தபின் மட்டை முகத்தை மெல்லச் சாய்த்துப் பந்தின் பக்கத்தைத் தடவுவது போல் ஓர் அடி அடித்தார். பந்து மேசையில் தட்டி எம்மை விட்டு விலகி ஓடிற்று. அவர் உடனே நிமிர்ந்து நின்றார். மறுபடியும் அவ்வாறே அடித்துப் பார்த்தார். மறுபடியும் பந்து வளைந்தது. யாம் பழைய சுண்டலைச் சுண்டினோம். அடி விழுந்தது; ஆனால் பந்து எம் சொற்படி கேளாது அவர் சொற்படியே கேட்டது. அன்று யாம் ஏழு முறை தோற்றோம். தோற்றமையால் எமக்கு நேர்ந்த ஆறுதலை எங்ஙனம் எழுதுவது! ஏழாம் முறை அவர், “மாப்பிள்ளை, மணிக்கட்டை இறுக்காதே, தளர்த்திப் பிடி” என்றார். மூன்றாண்டில் அவர் எமக்குத் தாமாகச் சொன்ன முதற்சொல் அஃது என்று எண்ணுகின்றோம்.

ஆகவே எம் கருத்து இதுவாயிற்று. பொத்தான் சொல்லக்கூடிய ஒன்றைக் கையசைத்துச் சொல்லச் செய்வது வீண்பாடு. பொத்தான் சொல்லமாட்டாத ஒன்று கையினிடம் இருக்குமாயின், அதனைப் பொறி கேட்கவும் வல்லதாயின், அப்போது ஆட்டம் வளர்கின்றது. வாள் என்று காட்டி வாளாக நடத்தாத கருவியை விட, நேர்மையான பொத்தான் நன்று. 2011இல் வந்த ‘ஸ்கைவர்ட் சோர்டு’ என்னும் செல்டா ஆட்டத்தில் இவ்விரண்டும் கலந்துள்ளன. பகைவன் வாளை வலப்புறம் தாங்கினால் இடப்புறம் வெட்டவேண்டும், வெட்டின் திசையைப் பொறி அறிகின்றது, இது வளர்ச்சி. ஆயினும் கை களைத்தபோதும் கைரோஸ்கோப் பிறழ்ந்தபோதும் இடம் வலமாய்விடும். 2021இல் ஸ்விட்ச் என்னும் பொறிக்கு அதனை மீண்டும் கொணர்ந்தபோது, விரற்குச்சியாலும் வெட்டத் திசை காட்டலாம் என வழி வைத்தனர். இரண்டையும் ஆடிய நண்பர் ஒருவர், விரலால் வெட்டியபோது வெற்றி மிகுந்ததாகவும் மகிழ்ச்சி குறைந்ததாகவும் எம்மிடம் கூறினார். இதனை வழக்கில் எப்பக்கத்துச் சான்றாகக் கொள்வது என்று தெரியாமல் இருவரும் பேசாதிருந்தனர்.

பெருவீச்சு ஆட்டங்களை விடச் சிற்றசைவே இன்று மிகுதியும் வென்று நிற்கின்றது என்பதையும் சொல்லவேண்டும். எம் இல்லத்தில் அடுத்த அறை நண்பரிடம் ஸ்விட்ச் பொறி உண்டு. அதில் ‘ஸ்ப்ளட்டூன்’ என்னும் மைதெளிக்கும் ஆட்டத்தை ஆடுகின்றனர். விரற்குச்சியால் குறிபார்ப்பதற்கும் கருவியைச் சாய்த்துக் குறிபார்ப்பதற்கும் உள்ள வேற்றுமை இயல்பிலேயே பெரிது. குச்சியைத் தள்ளினால் குறி ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு தள்ளுகின்றோமோ அவ்வளவு வேகம். வேண்டிய இடத்தில் நிறுத்துவதற்குக் காலத்தை அளந்து விடவேண்டும். கருவியைச் சாய்த்தாலோ, எவ்வளவு சாய்த்தோமோ அவ்வளவே குறி நகர்ந்து நிற்கும். எழுதுகோலைப் பிடித்த கை போல. ஆகவே அவர்கள் குச்சியால் பெருந்திருப்பம் திரும்பி, மணிக்கட்டின் மயிரிழைச் சாய்வால் குறியைத் திருத்திக்கொள்கின்றனர். புதிதாய் ஆடுவோர் இரண்டு நாள் திணறி, அதனை அணைத்துவிட முயல்கின்றனர். ஒரு வாரம் பொறுத்தவர் மீண்டும் குச்சிக்கே திரும்பியதை யாம் காணவில்லை. எள்ளி நகைத்த வணிகவியல் நண்பரும் இவ்வாட்டத்தில் கருவியைச் சாய்த்தே குறிபார்க்கின்றார்! அதைச் சுட்டியபோது, “இது வேறு” என்றார். எங்ஙனம் வேறு என்று கேட்டதற்குள் விளக்கணைந்துவிட்டது.

உடல்நலம் வரும் என்று விற்பனையாளர் பறைசாற்றியதைப் பற்றி யாம் மிகுதியாய்ச் சொல்ல விரும்பவில்லை. 2007இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்னும் மருத்துவ இதழில் மருத்துவர் ஒருவர் எழுதிய கடிதம் இருக்கின்றது. வீ டென்னிஸ் ஆடித் தோள்வலி கண்ட நோயாளர் ஒருவரைப் பற்றி அவர் எழுதி, அந்நோய்க்கு அப்பொறியின் பெயரையே இட்டு வேடிக்கை செய்திருக்கின்றார். மெய்யான டென்னிஸில் தோளோடு காலும் களைத்து ஆட்டத்தை நிறுத்திவிடும். கூடத்திலோ நிறுத்துவார் இலர்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அத்தான் எம் இல்லத்திற்கு வந்தார், தம் நான்கு வயது மகளுடன். அவர் இப்போது பள்ளிச் சிறுவர்க்கு மாலைதோறும் பூப்பந்து பயிற்றுகின்றார். ஓடுவதில்லை, ஓரத்தில் நின்று கைகாட்டிச் சொல்லிக்கொடுக்கின்றார். குழந்தை பழைய வீயைக் கண்டு அதனை ஆடவேண்டும் என்றாள். எடுத்துத் துடைத்துப் பிணைத்தோம். தொலைக்காட்சியின் மேல் வைக்கும் ‘சென்சார் பார்’ என்னும் பட்டையின் கம்பியை எலி கடித்திருந்தது. அது பெயருக்குத்தான் சென்சார். உண்மையில் எதனையும் உணர்வதில்லை. அதன் இரு முனையிலும் அகச்சிவப்பொளி வீசும் விளக்குகள் உள; கைக்கருவியின் மூக்கிலுள்ள காமிராவே அவ்விரு புள்ளிகளைக் கண்டு, தான் எத்திசை நோக்குகின்றது என்று கணக்கிடுகின்றது. மெழுகுவர்த்திச் சுடரிலும் அவ்வொளி உண்டாதலின், ஆராதனையிற் பிடித்து வந்த வர்த்தித் துண்டுகள் இரண்டைப் பட்டை இருந்த இடத்தில் ஒரு சாண் இடைவிட்டு ஏற்றிவைத்தோம். திரையில் சிறு கை தோன்றி ஆடிற்று. குழந்தை கைதட்டினாள்.

டென்னிஸ் என்றார் அத்தான். யாம் பிரம்பு நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து நின்றோம். பத்து வயதில் செய்ததற்கு ஈடாக இம்முறை தோளிலிருந்தே வீசுவது என்று உள்ளத்தில் முடிவு செய்திருந்தோம். அவர் வீச்சை மைதானத்தின் ஓரத்திலிருந்து பார்த்த நினைவைக் கொண்டு, ஆனமட்டும் அவ்வாறே வீசினோம். பந்து பந்தாய்த் தவறவிட்டோம். திரும்பிப் பார்த்தால், அத்தான் அந்நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, ஈயை ஓட்டுவது போல மணிக்கட்டைச் சுண்டிக்கொண்டிருந்தார்!

“ஏன் மாப்பிள்ளை இப்படிக் கையை ஓங்குகிறாய்? இது பூப்பந்தா?” என்றார்.

கூடத்தில் இருந்தோரெல்லாம் சிரித்தனர்; ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மூன்றில் மூன்றும் தோற்றோம். இன்னும் ஒருமுறை ஆடுவோம் என்று கருவியைத் திரைக்கு நேரே நீட்டினோம். சிறு கையைக் காணோம். பிறந்தநாள் என்று எண்ணிய குழந்தை இரண்டு வர்த்தியையும் ஊதி அணைத்துவிட்டிருந்தாள்.